கரிசல் நிலத்தில் பூட்டிக் கட்டும் மர வீடு

கரிசல் காட்டில் வீடு கட்டியவர் எவருக்கும் சுவர் வெடிப்பு புதிதன்று. பால் காய்ச்சிக் குடிபுகுந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே ஜன்னல் மூலையிலிருந்து கூரை மட்டம் வரையில் சாய்வாக ஒரு கீறல் தோன்றுவதும், கோடையில் அது விரல் நுழையும் அளவுக்கு விரிவதும், ஐப்பசி மழை பிடித்தபின் ஓரளவு மூடிக்கொள்வதும், கதவுகள் ஒரு பருவத்தில் இறுகி மறுபருவத்தில் தளர்வதும் கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டாரங்களில் எங்கும் காணும் காட்சியாகும். இதைக் கொத்தனாரின் குற்றமென்று சிலரும், மனையின் தோஷமென்று சிலரும் சொல்லுவர்.

சென்ற தை மாதத்தில் உளுந்து அறுவடையைப் பார்வையிட எட்டயபுரம் சாலையிலுள்ள ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தேன். அங்கே ஒரு சம்சாரி தம் கைப்பேசியிலிருந்த படமொன்றை என்னிடம் காட்டினார். முழுதும் பலகையாலான வீடு. நாலைந்து பேர் சேர்ந்து சுவர்களைத் தூக்கி நிறுத்திக் கொண்டிருந்தனர். "ஐயா, சிமெண்டு இல்லாமல் சில நாளில் பூட்டி நிறுத்திவிடுகிறார்களாம். வரைபடமும் அளவும் இனாமாம். நம் கரிசலுக்கு இது ஆகுமா?" என்று கேட்டார். அவருடைய பழைய வீட்டின் உத்திரத்தைப் பனங்கட்டை ஒன்று தாங்கி நின்றது. பருத்தியும் வெள்ளாடும் விற்றுச் சேர்த்த நாலு லட்சம் ரூபாய் கையில் இருக்கிறதென்றும், மகன் கலியாணத்திற்கு முன் ஒரு வீடு வேண்டுமென்றும், இன்னொரு முறை வெடிக்கும் வீட்டில் பணத்தைப் புதைக்கத் தமக்கு வயதில்லையென்றும் சொன்னார். "அண்ணாச்சி, விசாரித்துச் சொல்லுகிறேன்" என்று வந்தேன். விசாரித்து அவருக்குச் சொன்ன விடையையே இங்கே எழுதுகிறேன்.

படத்திலிருந்தது ‘விக்கிஹவுஸ்’ என்னும் முறையில் கட்டப்பட்ட வீடு. இலண்டன் நகரத்துக் கட்டடக் கலைஞர்களாகிய அலஸ்டர் பார்வினும் அவர் கூட்டாளிகளும் 2011ஆம் ஆண்டில் இதைத் தொடங்கி, அவ்வாண்டே தென்கொரியாவின் குவாங்ஜு நகரத்தில் நடந்த கண்காட்சியில் பொதுமக்கள் முன் வைத்தனர். 2014இல் இலண்டனிலேயே இரண்டு அடுக்கு வீடொன்று மாதிரிக்காக நிறுத்தப்பட்டது. முறையின் சாரம் வருமாறு: வீட்டின் தூண், உத்திரம், சுவர், கூரைச் சட்டம் யாவும் கணிப்பொறியில் சிறு சிறு பாகங்களாக வரையப்படுகின்றன. அவ்வரைபடத்தை யந்திரத்திற்கு ஊட்டினால், சுழலும் உளியொன்று 8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகையில், அதாவது பிளைவுட்டில், கோடு பிசகாமல் பாகங்களை வெட்டித் தருகிறது. பலகையின் கனம் பொதுவாக 18 மில்லிமீட்டர். முக்கால் அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. வெட்டிய துண்டுகளைக் கழுந்தும் துளையுமாகக் கோத்துப் பெட்டிகளாக்குகின்றனர். பெட்டியை அடுத்த பெட்டியோடு உடுக்கை வடிவான மரத்துண்டு ஒன்றால் இணைத்துக் கொட்டாப்புளியால் அடித்து இறுக்குகின்றனர். பெட்டிகளின் உட்புறத்தில் வெப்பத்தைத் தடுக்கும் பொருள் நிரப்பப்படும். ஒரு பெட்டியை இரண்டு மூன்று ஆட்கள் தூக்கலாம். பாரந்தூக்கி யந்திரம் வேண்டியதில்லை.

வரைபடம் இனாம் என்பதன் பொருளைச் சம்சாரிகள் எளிதில் உணர்வர். 1901 முதல் நடந்து வரும் நம் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘கே’ எழுத்துச் சோள ரகத்தை ஒருவர் வாங்கி விதைத்தால், கண்ட மகசூலிலிருந்து விதை எடுத்து வைத்து மறுவருஷம் விதைக்கிறார். அண்டை வயல்காரருக்கும் மரக்கால் கணக்கில் கொடுக்கிறார். ஒட்டு ரக விதையோ ஆண்டுதோறும் விலைக்கு வாங்க வேண்டியது. விக்கிஹவுஸ் வரைபடம் முதல் வகையைச் சேர்ந்தது. எவரும் எடுக்கலாம், தம் மனைக்கேற்பத் திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் கொடுக்கலாம். ஆனால் பலகையும் கூலியும் இனாமல்ல என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பாகம் பாகமாகச் செய்து பூட்டும் வேலை நம் நாட்டிற்கு அந்நியமும் அன்று. மாட்டு வண்டியின் சக்கரத்தில் குடம், ஆரம், வட்டை என்று ஒவ்வொன்றும் தனித்தனி. ஓர் ஆரம் முறிந்தால் அந்த ஆரத்தை மாற்றுகிறோமேயன்றி வண்டியை எறிவதில்லை. ஆசாரியின் கண்ணும் கையும் செய்த அளவு வேலையை இங்கே யந்திரம் செய்கிறது, வேறுபாடு அவ்வளவே. தேக்குக் கதவுகளில் கஜலட்சுமியும் பூக்கொடியும் செதுக்கும் பட்டறைகள் மதுரை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களில் இத்தகைய யந்திரத்தையே வைத்திருக்கின்றன. தச்சர்கள் அதைச் ‘சி.என்.சி.’ என்பர்.

கிராமத்தில் இவ்வித யந்திரம் நடக்குமா என்று ஐயுறுவோர்க்குப் பூனா ஜில்லாவிலுள்ள பாபல் கிராமத்தைச் சொல்லலாம். அதுவும் நம் பக்கம் போல் மழை பொய்க்கும் பூமி. 1983இல் டாக்டர் எஸ். எஸ். கல்பாக் அங்கே விஞ்ஞான ஆசிரமம் என்ற கைத்தொழிற் பள்ளியை நிறுவினார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் ‘ஃபேப் லேப்’ என்னும் யந்திரப் பட்டறையை வெளியிடங்களில் அமைக்கத் தொடங்கியபோது, 2002இல் முதலாவதாக அமைந்தது இந்தப் பாபல் கிராமத்தில்தான். இரும்புச் சட்டங்களை முக்கோணங்களாகப் பூட்டி, கம்பிவலை விரித்துச் சிமெண்டு பூசும் கவிகை வீடொன்றும் அவ்வாசிரமத்தில் உருவாகி ‘பாபல் டோம்’ என்று பெயர் பெற்றது. நம் மாகாணத்தில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2021 ஏப்ரலில் திறக்கப்பட்ட 600 சதுர அடி வீடு வேறு வகை. அங்கே யந்திரம் கான்கிரீட்டை அடுக்கடுக்காகப் பிழிந்து சுவர் எழுப்பியது. அதைக் கழற்ற இயலாது; மர வீட்டைக் கழற்றி வேறிடத்தில் நிறுத்தலாம்.

மண்ணின் குணம்

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். கரிசலின் களியில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் தாது மிகுந்திருக்கிறது. அது புத்தகத்தின் ஏடுகள் போல் அமைந்தது. ஏடுகளின் நடுவே நீர் புகுந்தால் மண் உப்பும். நீர் போனால் சுருங்கி வெடிக்கும். நம் பகுதியின் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில், ஒரே மூச்சாகப் பெய்வதும், அதற்குப்பின் பல மாதம் வெயில் காய்வதும் இந்த உப்பலையும் சுருக்கத்தையும் மிகைப்படுத்துகின்றன. மானாவாரிப் பருத்திக்கு ஈரத்தைச் சேமித்துத் தரும் அதே குணம் வீட்டுக்குச் சத்துருவாகிறது.

மனையின் மண் எவ்வளவு உப்பும் என்பதை வீட்டிலேயே பரீட்சிக்கலாம். 3 அடி ஆழத்து மண்ணை உலர்த்தி, பொடித்து, மெல்லிய சல்லடையில் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு பங்கு எடுக்க வேண்டும். அளவுக்கோடிட்ட 100 மில்லி கண்ணாடிக் குழாய்கள் இரண்டில் ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி, ஒவ்வொரு பங்கைப் போட்டுக் கலக்கி, ஒரு நாள் அசைக்காமல் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களி உப்பாது, தண்ணீரில் உப்பும். தண்ணீர்க் குழாயிலுள்ள மண் மற்றதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்டால் எச்சரிக்கை வேண்டும். இரண்டு மடங்குக்கு மேற்பட்டால் சாதாரண அஸ்திவாரத்தை நினைக்கவே கூடாது. (மண்ணெண்ணெய் கிடைப்பது இந்நாளில் அரிதாகிவிட்டது, பரீட்சைக்குக் கால் லிட்டர் போதும்.)

இவ்விடத்தில் என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வெட்கப்படவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு சிறு வீடு கட்டினேன். 3 அடி வாணம் தோண்டி மணல் நிரப்பித் திமிசு போட்டால் போதுமென்று கொத்தனார் சொன்னார். கரிசலின் குணத்தை ஊரூராகச் சென்று உபதேசிக்கும் நான், என் வீட்டுக்கு அதை மறந்தேன். மூன்றாம் வருஷக் கோடையில் சமையலறைச் சுவர் பிளந்தது. குளியலறை நீர் அச்சுவரின் அடியிலேயே தேங்கியதும், எட்டடி தூரத்தில் நின்ற வேப்பமரம் மறுபக்கத்து ஈரத்தை உறிஞ்சியதும் சேர்ந்து, வீட்டின் ஒரு பாதி உயர்ந்து மறுபாதி தாழ்ந்திருந்தது. பூசி மறைத்தேன், மறுவருஷம் அதே கோட்டில் பிளந்தது. பூச்சுக்குச் செலவிட்டதில் பாதியை அஸ்திவாரத்தில் போட்டிருக்கலாம்.

மர வீடு எடை குறைந்தது, ஆகையால் மண் அதை ஒன்றும் செய்யாது என்று பலர் எண்ணுவர். இது பெரும் பிழை. உப்பும் மண்ணைக் கனமான கட்டடம் ஓரளவாவது அழுத்தி நிறுத்தும். இலேசான வீட்டுக்கு அந்த அழுத்தம் இல்லையாதலால் மண் அதை எளிதில் தூக்கிவிடும். எனவே அஸ்திவாரம் வீட்டைத் தாங்கினால் மாத்திரம் போதாது. மேலே எழும்பாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும்.

இதற்கு ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் 1950க்கும் 1960க்கும் இடையில் கரிசல் நிலங்களுக்கென்றே வகுத்த முறையொன்று உண்டு. நிலத்தில் ஓர் அடி விட்டமுள்ள குழியைக் கைத்துரப்பணத்தால் ஆழமாகத் துளைத்து, அடிப்பாகத்தை மட்டும் குடம் போல் இரண்டரை மடங்கு அகலமாகக் குடைந்து, கம்பி நிறுத்திக் கான்கிரீட் வார்ப்பது அது. குமிழ்த்தூண் என்று நாம் அழைக்கலாம். கரிசலில் சுமார் 3½ மீட்டர், அதாவது 11½ அடி ஆழத்திற்குக் கீழே பருவந்தோறும் ஈரம் மாறுவது மிகச் சொற்பம். குடம் அந்த ஆழத்தில் நிலைத்த மண்ணைப் பற்றிக்கொண்டிருப்பதால், மேல்மண் உப்பினாலும் சுருங்கினாலும் தூண் அசைவதில்லை. மேல்மண் தூணை மேலே இழுக்கும். ஆகையால் கம்பி தலையிலிருந்து அடிவரை முழு நீளமும் இருத்தல் அவசியம். சிக்கனத்திற்காகக் கம்பியைப் பாதியில் நிறுத்தினால் தூண் நடுவில் அறுபடும். அந்த ஆழத்திற்குள் கெட்டியான சுக்கான் பாறையோ சரளையோ தட்டினால், ஓவர்சீயரிடம் காட்டி அதன்மேல் நிறுத்துவதா என்று தீர்மானிக்கலாம். தூண்களை இணைக்கும் உத்திரம் தரையைத் தொடலாகாது. குறைந்தது 8 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். அவ்விடைவெளியில் கல்லும் மண்ணும் அடைத்துவிடும் வழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. அடைத்தால் மண் உப்பும்போது உத்திரத்தையே நெம்பும்.

இத்தகைய அஸ்திவாரத்தின்மேல்தான் மர வீட்டின் அனுகூலம் வெளிப்படுகிறது. செங்கல் சுவருக்கு வளையத் தெரியாது; சிறிது அசைந்தாலும் பிளக்கும். பூட்டிய மரச்சட்டம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஒரு மூலை கால் அங்குலம் தாழ்ந்தால், அடிச்சட்டத்தின் ஆணியைத் தளர்த்தி ஆப்பு வைத்து மட்டப்படுத்தலாம். இன்னொரு நன்மை தண்ணீர். செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் நாட்கணக்கில் நீர் குடிப்பவை. குடிநீருக்கே குடத்தோடு காத்திருக்கும் நம் ஊர்களில், தூணுக்கு மட்டும் நீர் செலவிட்டு மேல்கட்டடத்தை உலர்ந்த வேலையாக முடிப்பது சிறிய லாபமன்று.

பலகையும் வெட்டும்

பலகை வாங்குவதில்தான் ஏமாற்றம் அதிகம். 18 மில்லிமீட்டர் என்று அச்சிட்ட பலகை அளந்தால் அரை மில்லிமீட்டர் கூடியோ குறைந்தோ இருக்கும். துளை பலகையின் கனத்திற்குச் சரியாக அமையாவிட்டால் கழுந்து ஒன்று நுழையாது, அல்லது ஆடும். எனவே ஒரே கட்டிலிருந்து எல்லாப் பலகைகளையும் வாங்கி, பத்து இடங்களில் அளந்து, சிறு துண்டில் ஒரு கழுந்தும் ஒரு துளையும் வெட்டிப் பார்த்து, பிறகே முழு வேலையைத் தொடங்க வேண்டும். உளி உருண்டையானதால் உள்மூலையைச் சதுரமாக வெட்டாது. அதற்காக வரைபடத்தில் மூலைதோறும் சிறு வட்டக்குழி இருக்கும். அதைப் பிழையென்று எண்ணிப் பட்டறைக்காரர் நீக்கிவிட்டால் கழுந்து முழுதும் இறங்காது. பாகங்களுக்கு இட்ட எண்ணைத் தேய்த்து விடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈரம் படும் இடங்களுக்கு இந்தியத் தரம் 710 முத்திரையிட்ட பலகை தேவை. கடைக்காரர் இதைக் ‘மரைன்’ என்பார். மலிவான பலகையில் மழைச்சாரல் பட்டால் ஏடு பிரியும். தரமான பலகை ஒன்றின் விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேற்படும். ஒரு முழு வீட்டுக்கு அவ்விதம் பல பத்துப் பலகைகள் செல்லும் என்று கணக்கிட்டால், நாலு லட்சத்தில் தூணும் பலகையும் வெட்டுக்கூலியும் கூரையும் அடங்கும் என்று நான் அவருக்குச் சொல்லத் துணியவில்லை.

கறையானைப் பற்றி நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்த்தி வீட்டை நிறுத்தி, அடியில் வெளிச்சம் படும்படி விட்டால், தூணில் ஏறும் மண்கோட்டை வாரம் ஒருமுறை கண்டு துடைத்துவிடலாம். தூணின் தலையில் விளிம்பு மடக்கிய தகரத்தொப்பி வைப்பது நல்லது. மேல்நாட்டார் பெட்டிக்குள் வெப்பத்தடுப்பு நிரப்புவதைப் பார்த்து, சோளத்தட்டையையும் வைக்கோலையும் அடைக்கலாமென்று ஒருவர் யோசனை சொன்னார். எலிக்கும் கறையானுக்கும் அதைவிடச் சிறந்த விருந்தில்லை. மெல்லிய மரச்சுவர் பகல் வெயிலை மண்சுவர் போல் தாங்கி வைக்காது. உடனே உள்ளே விடும். சித்திரை வெயிலுக்கு மேற்குப்புறம் தாழ்வாரமும், ஓட்டுக்கூரைக்கும் உட்பலகைக்கும் நடுவே காற்றோடும் இடைவெளியும் இல்லாமல் இவ்வீட்டில் குடியிருக்க இயலாது. அடுப்பு இவ்வீட்டினுள் கூடாது. சமையற்கட்டைச் செங்கல்லால் தனியே அமைப்பதே யுக்தம்.

பலகை மரத்தை நாமே வளர்க்கலாகாதா என்று கேட்பர். ஒட்டுப்பலகைக்கு ஏற்ற மலைவேம்பைத் தமிழ்நாட்டில் பலர் பயிரிடுகின்றனர். ஆயின் அது நீர்ப்பாசனமும் வடிகாலும் உள்ள நிலத்துக்குரியது. மானாவாரிக் கரிசலில் அதை நட்டு ஏமாற வேண்டாம். தீக்குச்சிக்கு உதவும் பெருமரம் வறட்சி தாங்கும், எனினும் வீட்டுச் சட்டத்துக்கு அதன் வலிமை போதாது. நம் வயலில் மிஞ்சும் பருத்திமாரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. பம்பாயிலுள்ள மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் பருத்திமாரைத் துகளாக்கிப் பலகை செய்யும் வழியைக் கண்டுள்ளது. அப்பலகை தடுப்புச் சுவருக்கும் உட்கூரைக்கும் உதவும். பாரம் தாங்கும் சட்டத்துக்கு ஆகாது. விறகாக எரிப்பதற்குப் பதில் இதற்கு ஒரு கிராக்கி ஏற்பட்டால் சம்சாரிக்கு நல்லதே.

கிராம அலுவலர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. அரசாங்க வீட்டுத் திட்டங்களில் உதவி பெறுவோர்க்குக் கூரை கான்கிரீட்டாயிருக்க வேண்டுமென்பது போன்ற நிபந்தனைகள் உள்ளன. ஆகவே திட்டப் பணத்தை நம்பி மர வீடு தொடங்கலாகாது. ஊராட்சியின் அனுமதியும் பொறியாளரின் கையொப்பமும் இதற்கும் வேண்டும். மேலும் கைமரத்துக்கும் தூணுக்கும் பனையை வெட்ட எண்ணுவோர், கலெக்டரின் அனுமதி பெற வேண்டுமென்று 2021இல் அரசாங்கம் அறிவித்ததை நினைவில் கொள்ளட்டும். வெட்டியபின் மனுப் போடுவதால் பயனில்லை.

இவற்றையெல்லாம் சொன்னபின், "அப்படியானால் வேண்டாமென்கிறீர்களா?" என்று சம்சாரி கேட்டார். குடியிருக்கும் வீட்டை இதில் தொடங்க வேண்டாம், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் பருத்தியும் விதையும் வைக்கும் அறை ஒன்றைத் தொடங்கலாம் என்றேன். நாலு மூலையிலும் நாலு குமிழ்த்தூண், அதன்மேல் பூட்டிய சட்டம், ஓட்டுக்கூரை. அது இரண்டு மழையும் இரண்டு கோடையும் நின்றால் அதே தூண் முறையில் வீட்டைக் கட்டலாம். மேல்கட்டடம் மரமா செங்கலா என்பதை அப்பொழுது தீர்மானிக்கலாம். பழைய வீட்டை அதுவரை காப்பாற்ற, சுவரோரத்தில் நான்கடி அகலத்துக்குச் சாய்தளம் போட்டு, குளியல்நீரைக் குழாயில் வெளியேற்றச் சொன்னேன்.

அவர் சம்மதித்தார். மகன் கலியாணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது அவர் வீட்டு அம்மாளோடு பேசி முடிக்க வேண்டிய காரியம். அன்றே பழைய சுவரின் வெடிப்புக்குக் குறுக்கே விரலகலக் கண்ணாடித் துண்டுகள் மூன்றைச் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினோம். வெடிப்பு இன்னும் நடமாடுகிறதென்றால் கண்ணாடி தெறிக்கும்; தெறித்த தேதியையும் அப்பொழுது மழையா வெயிலா என்பதையும் குறித்து வைக்கும்படி சொல்லியிருக்கிறேன். துரப்பண வேலையைப் பங்குனி சித்திரையில், மண் நன்றாக உலர்ந்து குழியின் பக்கம் சரியாமல் நிற்கும் காலத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆடிக்குள் தூண் வார்த்து முடிந்துவிட வேண்டும். முதல் கண்ணாடி மாசி மாதம் 20ஆம் தேதி தெறித்ததாகச் செய்தி வந்துள்ளது.